வார்த்தையைக் கழற்றுகிறவர்

ஜூலை 3, புதன்

இந்த நோட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. சத்துணவுக் கூடத்து இரும்பு அலமாரியில், பருப்பு மூட்டைக்குப் பின்னால் கிடக்கட்டும். பாத்திரம் கழுவி முடித்துப் பேச்சியம்மா கிளம்பிய பிறகு எழுதிக்கொள்கிறேன். என் வீட்டுக்காரருக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும். அதுதான் பயம்.

எழுதாமலும் இருக்க முடியவில்லை. யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று கொழுந்தன் லூர்து சத்தியம் வாங்கிவிட்டான். நோட்டு ஆள் கணக்கில் வராது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை மதுரை ஆஸ்பத்திரியில், அவரை மருந்துக் கடை வரிசையில் நிறுத்திவிட்டு நானும் லூர்தும் டாக்டர் அறைக்குள் போனோம். வயிற்றில் புற்று என்றார் டாக்டர். ஈரலுக்கும் போய்விட்டதாம். ஆபரேஷன் செய்து பயனில்லை, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார். எத்தனை நாள் என்று கேட்க வாயெடுத்தேன். லூர்து என் கையைப் பிடித்து அழுத்தினான். வெளியே வந்து அவரிடம், "வயித்துப் புண்ணுதாங்க. அல்சர். ஊசி போட்டா ஆறிடுமாம்" என்றேன். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

மாமனாருக்குத் தொண்டையில் வந்தது. அந்த டாக்டர் நேர்மையான மனுஷன். உட்காரவைத்து, "பெரியவரே, இது கேன்சர்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மாமனார் வீட்டுக்கு வந்து மூன்று நாள் வேலை செய்தார். மாட்டுக் கொட்டகைக் கூரையைப் பிரித்துப் புதிதாக மேய்ந்தார். நாலாம் நாள் கிணற்றில் கிடந்தார். இவரும் அதே ரத்தம், அதே பிடிவாதம். "அண்ணனுக்குத் தெரிஞ்சா அதே கதைதான் மதினி" என்று லூர்து அழுதான். அதற்காகவே அந்த ஆஸ்பத்திரியைத் தேடிப் பிடித்தானாம். அங்கே போர்டெல்லாம் இங்கிலீஷ். தமிழில் எழுதியிருந்தால் எட்டாவது படித்தவருக்குப் பளிச்சென்று தெரிந்துவிடும்.

மகள் ஜெசிந்தாவிடமும் சொல்லவில்லை. ஆகஸ்ட் கடைசியில் அவளுக்குப் பரீட்சை.

ஜூலை 4, வியாழன்

"புண்ணுக்கு எதுக்கு பிலோ மதுர வரைக்கும் போகணும்? திண்டுக்கல்ல டாக்டரே இல்லயா?" என்று கேட்டார். இங்கே மிஷின் ரிப்பேர் என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

மெடிக்கல் கோடிங் என்று ஒரு படிப்பு. பி.எஸ்சி. முடித்த பிள்ளைகளெல்லாம் அதில்தான் போய் விழுகிறார்கள். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் உள்ள வியாதிப் பெயர்களுக்கு நம்பர் போடும் வேலையாம். ஜெசிந்தா சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. நேற்று முதல் வேர்ச்சொல் பாடம்.

அவர் பட்டறைக்குப் போவதில்லை. மோட்டாரைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. கட்டிலில் உட்கார்ந்து மகள் படிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் எழுத்து அவருக்குத் தெரியும். முப்பது வருஷமாக மோட்டார் தகட்டில் வோல்ட்டும் ஃபேஸும் வாசித்தே பழகியது.

"அப்பா, இந்த வார்த்தையெல்லாம் பாக்கத்தான் பூதம் மாதிரி இருக்கும். கிரேக்கம், லத்தீன்ல இருந்து வந்தது. தல, உடம்பு, வாலுனு மூணாப் பிரிச்சா ஒண்ணுமே இல்ல. ஆர்த்ரோன்னா மூட்டு. ஐடிஸ்னா வீக்கம். ஆர்த்ரைட்டிஸ்?"

"மூட்டு வீக்கம்! எம் முழங்காலு!" என்று குதித்தார். ரொம்ப நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. "இதுதானா? மோட்டாரக் கழட்டி மாட்டுற வேலைதான இது? சரி, வாய்க்கு என்ன?"

"ஸ்டொமட்டோ. அது எஸ்ல வரும்."

"அப்ப உங்கம்மாவுக்கு ஸ்டொமட்டைட்டிஸ். வாய் வீங்கியே போச்சு."

நானும் சிரித்தேன். அதற்குள் அவள் அடுத்ததைச் சொன்னாள். "அடினோன்னா சுரப்பி. ஹெபட்டோன்னா ஈரல், காஸ்ட்ரோன்னா வயிறு, அதெல்லாம் பின்னாடி வரும்." கையில் இருந்த கரண்டி நழுவிக் குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. லூர்து கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கும் ரிப்போர்ட்டில் என்னென்ன வார்த்தை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மூன்றும் இருக்காமலா போகும்?

ஏ எழுத்து முடிந்ததாம். சார் அகரவரிசையில் நடத்துகிறார். இனி இருபத்தைந்து எழுத்து.

ஜூலை 12, வெள்ளி

விடியக்காலையே போய் முதல் மருந்து ஏற்றிவிட்டு வந்தாயிற்று. சேலைகூட மாற்றாமல் நேரே கூடத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் கட்டிட வாசலில் அண்ணாந்து நின்றுவிட்டார். புற்றுநோய்ப் பிரிவு என்பதற்கான ஆங்கோலாஜி போர்டை ஒவ்வொரு எழுத்தாக வாயை அசைத்துப் படித்தார். "லாஜின்னா படிப்பு, பாப்பா சொன்னா. முன்னாடி இருக்குற ஆங்கோ என்னது பிலோ?"

"அது டாக்டர் பேருங்க. மலையாளத்துக்காரர்" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல பேரு" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

மருந்து நாலு மணி நேரம் இறங்கியது. பக்கத்துக் கட்டில்களில் எல்லோருக்கும் தலை மொட்டை. பழனிக்குப் போய் வந்த கூட்டமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான் நரகத்துக்குத்தான் போவேன்.

ஜூலை 16, செவ்வாய்

பி எழுத்து. பயோ என்றால் உயிர், ஆப்சி என்றால் பார்ப்பது. "அப்பாவுக்கு எடுத்தாங்களே, பயாப்சி. அது இதுதான்" என்று அந்தக் கூறுகெட்டவள் உற்சாகமாகச் சொல்கிறாள்.

"உசுரப் பாக்குறதா?" என்று என் பக்கம் திரும்பினார். "பாத்துட்டு என்ன சொன்னாங்க பிலோ?"

"புண்ணுன்னு சொன்னாங்க."

"சரி" என்று போனை எடுத்துப் பார்த்தார். இப்போதெல்லாம் போனை அடிக்கடி எடுக்கிறார். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, நான் கிட்டே போனால் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். பட்டறைக்காரர்கள் ஏதாவது அனுப்பியிருப்பார்கள்.

சி எழுத்து எப்போது என்று ஜெசிந்தாவிடம் மெதுவாக விசாரித்தேன். நாளைக் கழித்து வீட்டில் படிப்பாளாம்.

ஜூலை 18, வியாழன்

ஒரு பாவம் செய்துவிட்டேன்.

காலையில் அவள் குளிக்கப் போனதும் நோட்டைப் புரட்டினேன். சி வரிசை. உருண்டை உருண்டையான அவள் எழுத்து. கார்சினோ, கிரேக்கச் சொல், நண்டு. கட்டியைச் சுற்றி நரம்புகள் நண்டுக் கால் மாதிரி பரவியிருந்ததால் அந்தக் காலத்து வைத்தியர்கள் வைத்த பெயர். பக்கத்திலேயே தமிழில் புற்றுநோய் என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறாள். எட்டாவது படித்தவருக்கு இதைவிடத் தெளிவாக யார் எழுதிக் கொடுப்பார்கள்?

அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வடிகஞ்சியை அப்படியே நோட்டில் ஊற்றினேன். தவறிக் கொட்டிவிட்டது என்று கத்தினேன்.

ஜெசிந்தா தேம்பித் தேம்பி அழுதாள். "மூணு வாரப் பாடம்மா!" என்றாள். அவர் அந்த நோட்டை வெயிலில் விரித்து வைத்தார். தாள் ஒட்டிக்கொண்டு எழுத்தெல்லாம் ஊதாவாக வழிந்தது. பிள்ளையின் படிப்பில் கஞ்சி ஊற்றிய தாயை நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஜூலை 19, வெள்ளி

ஊற்றியும் பலனில்லை. நேற்றுச் சாயங்காலமே தோழியின் நோட்டை வாங்கி வந்துவிட்டாள். "நீ எழுதும்மா, நான் பாத்துச் சொல்றேன். வேல சீக்கிரம் முடியும்" என்று அவரே நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். நான் அடுப்படியில் பிடித்த வெங்காயத்தை உரிக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. ஏ முடிந்தது. பி முடிந்தது. எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி, தமிழ் அர்த்தத்தோடு சொல்கிறார். சி வந்தது.

ஒரு இடத்தில் நிறுத்தினார். இருமினார். தண்ணீர் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, "கார்டியோ. இருதயம்" என்றார்.

அப்புறம் ஜெசிந்தா எண்ணிப் பார்த்து, "சார் பதினெட்டு வார்த்தைன்னாரு, பதினேழுதான்ப்பா இருக்கு" என்றாள்.

"இதுல அவ்வளவுதாம்மா போட்டிருக்கு."

கண்ணாடி மாற்றி மூன்று வருஷமாகிறது, ஒரு வரி தாண்டிவிட்டது. மாதா என் பக்கம் இருக்கிறாள். இன்றைக்கு நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டேன்.

ஜூலை 25, வியாழன்

நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

திங்கள்கிழமை காற்றாடிக்குப் புதுச் சுருள் கட்டினார். செவ்வாய்க்கிழமை மிக்சி. நேற்றுக் குளியலறைக் குழாய், கதவுக் கொண்டி, தையல் மிஷின் மோட்டார். இன்று காலையில் என்னைக் கிணற்று மோட்டார்ப் பக்கம் கூப்பிட்டு, "கெப்பாசிட்டர் போச்சுன்னா இப்பிடித்தான் உர்ருனு சத்தம் வரும், ஓடாது. பயப்படாத. இந்த ரெண்டு ஒயரக் கழட்டிட்டு புதுசு மாட்டு. எங்க, நீ கழட்டு பாப்போம்" என்றார்.

"நீங்க இருக்கும்போது நான் எதுக்குக் கழட்டணும்?"

"கத்து வச்சுக்கயேன்."

மாமனார் கூரை மேய்ந்தது கண் முன்னால் வந்து நின்றது. அவரைக் கிணற்றுப் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டு வருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. லூர்துக்குப் போன் செய்தேன். பட்டறைச் சாவியை ஏதாவது சாக்குச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். வார்னிஷ் டப்பாவை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். தாம்புக் கயிற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் சத்துணவுக் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். பேச்சியம்மா என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறாள்.

தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் கேட்டிருப்பார். சும்மா உட்கார முடியாத மனுஷன், கை அரிக்கிறது, அவ்வளவுதான்.

ஜூலை 30, செவ்வாய்

எம் எழுத்து. கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மெட்டான்னா மாறுறது, தாண்டிப் போறது. ஸ்டாசிஸ்னா நிக்கிறது. மெட்டாஸ்டாசிஸ், இருந்த எடத்த விட்டு வேற எடத்துல போயி நிக்கிறது. அதாவது கட்டி..."

"போதும் பாப்பா இன்னைக்கு" என்று எழுந்துவிட்டார். சோறு பாதிக்கு மேல் தட்டிலேயே இருந்தது. மருந்து அலுப்பு. வாய் கசக்கும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

வெள்ளிக்கிழமை இரண்டாவது மருந்து. ஞாயிற்றுக்கிழமை தலையணை முழுக்க முடி. "மருந்துச் சூடுங்க, திரும்ப மொளச்சிடும்" என்றேன். "பழனிக்குப் போன புண்ணியம் வீட்டுலயே கெடைக்குது" என்று அவரே தலையைத் தடவிக்கொண்டார்.

ஜெசிந்தா தலையணையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் உறையை உருவிக்கொண்டு துவைக்கப் போய்விட்டேன்.

நேற்றிலிருந்து அவள் சத்தம் போட்டுப் படிக்கவில்லை. நோட்டை மாடிக்கு எடுத்துக்கொண்டு போகிறாள். கண் வீங்கியிருக்கிறது. பரீட்சைப் பயமாக இருக்கும்.

ஆகஸ்ட் 7, புதன்

"என்னடா பாப்பா, இன்னைக்குப் பாடம் இல்லயா? பி வரைக்கும் வந்தோமே" என்று அவராகவே கூப்பிட்டார். பி என்றால் எம்முக்கு அப்புறம் வருகிற பி. அவள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். சின்னக் குரலில். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, இருந்தாலும் காது கொடுத்துக் கேட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். பிள்ளைகள் வெறும் முட்டையும் சோறும் தின்றார்கள்.

ஆகஸ்ட் 14, புதன்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஒன்பதே காலுக்கு உலை கொதிக்கும்போது ஜெசிந்தாவின் போன். "அம்மா, அப்பாவ வீட்டுல காணோம். போன் ஆஃப். செருப்பும் இல்ல." அரிசியைப் பேச்சியம்மாவிடம் விட்டுவிட்டு ஓடினேன். சேலை முந்தானை அடுப்பில் பட்டுக் கருகியதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

முதலில் எங்கள் கிணறு. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி, "என்னங்க" என்று கூப்பிட்டேன். உள்ளேயிருந்து என் குரல்தான் வந்தது. கண்ணைத் திறந்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அப்புறம் பட்டறை, பூட்டியிருந்தது. லூர்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனான். நான் ரயில் தண்டவாளத்தோரம் நடந்தேன். எதிரே வந்தவர்களிடம் "மொட்டத் தலையா ஒருத்தர், நீலச் சட்ட" என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். நாங்கள்தான் கொன்றுவிட்டோம், ஒளித்து ஒளித்தே கொன்றுவிட்டோம் என்றே தோன்றியது. மாதாவிடம் எதைக் கேட்பது என்றும் தெரியவில்லை. உயிரோடு இருக்கட்டும் என்றா, தெரியாமல் இருக்கட்டும் என்றா?

பன்னிரண்டரைக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன். "பிலோ, நாந்தான். சார்ஜ் எறங்கிருச்சு. மதுர ஆஸ்பத்திரில இருக்கேன். நீ மட்டும் கெளம்பி வா. லூர்து வேண்டாம்."

தண்டவாளக் கல்லிலேயே உட்கார்ந்து அழுதேன்.

போய்ச் சேர மூன்று மணி. அந்த இங்கிலீஷ் போர்டுக்குக் கீழே பெஞ்சில், கையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார். மடியில் காலண்டர் தாள் கத்தை. பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒக்காரு" என்றார். காலண்டர் தாளின் பின்பக்கம் முழுக்க அவர் எழுத்து. ரிப்போர்ட் மொத்தமும் அதில் இருந்தது. ஒரு தாளுக்கு ஒரு துண்டு. சுரப்பி. நண்டு. ஈரல். இடம் மாறி நிற்பது.

"மொத நாளே எம் போனுக்கு வந்துருச்சு பிலோ. நீங்க டாக்டரப் பாத்ததுக்கு முந்தின நாளு. லூர்து ஃபாரத்துல என் நம்பரத்தான எழுதிக் குடுத்தான்."

கிறுக்குப் பயல். சின்ன வயசிலிருந்தே எல்லாக் காகிதத்திலும் அண்ணன் பெயர், அண்ணன் நம்பர் என்று எழுதியே பழகியவன். போர்டு பார்த்து ஆஸ்பத்திரி தேடியவன் கையாலேயே ரிப்போர்ட்டை அனுப்பி வைத்திருக்கிறான்.

"எழுத்து தெரிஞ்சுச்சு, அர்த்தம் தெரியல. யாருகிட்டயாவது காட்டிருக்கலாம். பயம். நீ வேற புண்ணு புண்ணுங்குற. சரி, இருக்கட்டும்னு விட்டேன். அப்பத்தான் பாப்பா அந்த நோட்டத் தொறந்தா."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"நீ சொல்லிருப்பியா?"

நான் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

"ஒரு நாளைக்கு ஒரு துண்டு. அதுக்கு மேல பாக்க மாட்டேன். சுரப்பி, சரி, இருந்துட்டுப் போகட்டும்னு அதோட ரெண்டு நாளு இருந்தேன். நண்டு வந்தன்னைக்கு உள்ளுக்குள்ள எல்லாம் ஆடிப்போச்சு. அதுக்கு ஒரு வாரம் ஆச்சு. எங்கப்பாவுக்கு மொத்தத்தையும் ஒரே வார்த்தையாத் தூக்கித் தலையில போட்டாங்க. அவரால தாங்க முடியல. நான் கழட்டிக் கழட்டி எறக்கி வச்சேன்."

"அவரு மாதிரி... நீங்க எதும் நெனச்சீங்களா?" கேட்டுவிட்டேன்.

"நெனைக்காம இருப்பேனா? கெணத்துப் பக்கம் போயி நின்னேன். அப்புறம் டி வந்துச்சு, ஈ வந்துச்சு. அடுத்தது என்னதான் எழுதியிருக்குன்னு பாத்துட்டுப் போவோமேன்னு தோணுச்சு." காலண்டர் தாள்களை அடுக்கித் தட்டினார். "பயம் போயிருச்சுன்னு நெனைக்காத. ரொம்பப் பயமா இருக்கு பிலோ."

கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கும் பயமாக இருக்கிறது என்றேன். அத்தனை பேர் நடுவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முதல் தடவையாக அவரிடம் நிஜத்தைச் சொன்ன ஆறுதல் இருந்தது. இனி எங்களுக்குள் ஒளிக்க ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன். "மொதல்ல நான் மட்டும் பாத்துட்டு வரேன். நீ இங்கயே இரு" என்றார். கதவு முழுதாகச் சாத்துவதற்குள் அவர் குரல் கேட்டது.

"டாக்டர், ப்ராக்னோசிஸ் என்னன்னு எங்கிட்டச் சொல்லுங்க. அவகிட்டச் சொல்ல வேண்டாம்."

அந்த வார்த்தை எனக்கும் தெரியும். அடுப்படியில் நின்றே நானும் பாதிப் பாடம் படித்துவிட்டேன். க்னோசிஸ் என்றால் அறிவது. ப்ரோ என்றால் முன்னால். இன்னும் எத்தனை நாள் என்று முன்னாலேயே அறிவது.

பத்து நிமிஷம் கழித்து வந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"என்னங்க சொன்னாரு?"

"நல்லாத்தான் சொன்னாரு. மருந்து புடிக்குதாம். கவலப்பட ஒண்ணுமில்லன்னாரு."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தார். நாற்பத்தாறு நாளாக அவரிடம் பேசும்போது நானும் அங்கேதான் பார்த்தேன்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தார். வாடிப்பட்டி தாண்டியது. அப்புறம், பசிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். நல்லாத்தானே சொன்னாரு என்று இன்னொரு தடவை கேட்டேன். ஆமாம் என்றார். ஒன்றரை மாதம் அவர் என்னை நம்பினாரே, அதே மாதிரி நானும் அவரை நம்பினேன்.